வீரவணக்கமும் விமர்சனமும்: பகத்சிங்கின் வாழ்வையும் எழுத்தையும் முன்வைத்துச் சில கருத்துகள்

பகத்சிங் என்றதும் எம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு படமாகும். மேலைத்தேயத் தொப்பியும் மெல்லிய மீசையும் நேர்கொண்ட பார்வையுமாக நிற்கும் ஓர் இளைஞனின் படம். 1929 ஏப்ரலில் டில்லி மத்திய சட்டசபையில் வெடிகுண்டு வீசப்படுவதற்குச் சற்று முன்னர், பத்திரிகைகளுக்கு வழங்கும் நோக்குடன் திட்டமிட்டே நிழற்படக் கடையொன்றில் எடுக்கப்பட்டது அது. அவ்வகையில் அப்படம் ஓர் அரசியற் செயலாகவே பிறந்தது. ஆயின், அது பின்னர் அடைந்த வாழ்வு வேறு. நாட்காட்டிகளிலும் கடைச் சுவர்களிலும் வாகனங்களின் கண்ணாடிகளிலும் திரைப்படச் சுவரொட்டிகளிலும் அது பெருகியது. சிலர் தொப்பியை அகற்றித் தலைப்பாகை அணிவித்தனர். சிலர் கையிலே கைத்துப்பாக்கியைக் கொடுத்தனர். படம் பெருகப் பெருக, அந்த மனிதர் எழுதியவை கண்ணுக்குத் தெரியாமற் போயின.

புரட்சிகர இளைஞர் ஒருவரின் வாழ்க்கை எவ்வாறு எழுதப்படுகின்றது, எவ்வாறு வாசிக்கப்படுகின்றது என்பது வரலாற்றாசிரியருக்கு மட்டுமுரிய வினாவன்று. அது இலக்கிய விமர்சனத்திற்கும் உரிய வினாவாகும். ஏனெனில், வாழ்க்கை வரலாறு என்பதும் ஓர் இலக்கிய வடிவமே. அவ்வடிவத்தினுள் எவை சேர்க்கப்படுகின்றன, எவை விடப்படுகின்றன என்பதைத் தீர்மானிப்பது கருத்துநிலையாகும். பகத்சிங் தம்மைப் பற்றித் தாமே எழுதிய கட்டுரையையும், அவர் சிறையிலிருந்து எழுதிய வேறு சிலவற்றையும், அவரைப் பற்றிப் பிறர் கட்டிய வீரகதையோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

வீரகதை கூறும் வரலாறு எளிமையானது. 1907 செப்டெம்பரில் பஞ்சாபின் லயல்பூர் மாவட்டத்துப் பங்கா கிராமத்திற் பிறந்த சிறுவன், ஜாலியன்வாலா பாக் படுகொலையினால் மனம் கொதித்து, லாலா லஜபதிராயின் மரணத்திற்குப் பழிவாங்கி, சட்டசபையிற் குண்டெறிந்து, 1931 மார்ச் 23 மாலை லாகூர் மத்திய சிறையில் ராஜகுரு, சுகதேவ் ஆகியோருடன் சிரித்தபடி தூக்குமேடை ஏறினான். பிறவி வீரம், அவமானம், பழி, தியாகம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வீரயுகப் பாடல்களைக் கற்றோர்க்கு இவ்வமைப்பு புதியதன்று. வீரன் பிறக்கிறான், வளர்வதில்லை. அவன் செயற்படுகிறான்; சிந்திப்பதில்லை. இறந்தபின் கல்லாகிறான்.

இவற்றுள் பொய்யெனத் தள்ளத்தக்கவை அதிகமில்லை. பிரச்சினை யாதெனில், நிகழ்ச்சிகளை இணைக்கும் காரணங்கள் இவ்வரலாற்றிலிருந்து நீக்கப்பட்டுள்ளன. பகத்சிங் பிறந்த மண்ணையே எடுத்துக்கொள்வோம். லயல்பூர் பிரித்தானியர் கால்வாய்கள் வெட்டி உருவாக்கிய குடியேற்றப் பிரதேசமாகும். அங்கு நிலம் பெற்ற விவசாயிகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்திற்கும் நீர்வரி உயர்வுக்கும் எதிராக 1907இல் எழுந்த கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவர், பகத்சிங்கின் சிறிய தந்தையான அஜித்சிங். அவர் லஜபதிராயுடன் பர்மாவின் மாண்டலேக்கு நாடுகடத்தப்பட்ட ஆண்டும், பகத்சிங் பிறந்த ஆண்டும் ஒன்றே. தந்தையார் கிஷன்சிங்கும் அரசியலில் ஈடுபட்டவர். பாட்டனார் அர்ஜுன்சிங் ஆரிய சமாஜச் சீர்திருத்தவாதி. எனவே பகத்சிங்கின் வீட்டிற்குள் அரசியல் வந்தது, குருதியில் ஊறிய வீரமாக அன்று. நிலம், நீர், வரி ஆகியவை பற்றிய விவசாயப் பிரச்சினையாகவே அது வந்தது. நிலவுடைமையிற் காலூன்றி, கல்வியினால் நகரத்தை எட்டிய ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முரண்பாடுகள் அவரை உருவாக்கின.

இதனுடன் கதர் இயக்கத்தின் நினைவையும் சேர்த்து நோக்க வேண்டும். வட அமெரிக்காவிற் கூலி உழைப்பாளராகச் சென்று, நிறவெறியையும் அடிமைநிலையையும் ஒருங்கே உணர்ந்த பஞ்சாபியரின் இயக்கம் அது. அவ்வியக்கத்தின் கர்த்தார்சிங் சராபா 1915 நவம்பரிற் பத்தொன்பது வயதிலே தூக்கிலிடப்பட்டார். அவரையே பகத்சிங் தமது முன்னோடியாகக் கொண்டார். மதத்தை அரசியலினின்றும் விலக்கிய நோக்கும், இந்திய விடுதலையை உலக நிலைமைகளோடு இணைத்துப் பார்க்கும் பார்வையும் கதர் மரபிலிருந்தே அவருக்குக் கிடைத்தன எனலாம்.

2

1922 பெப்ரவரியில், சௌரி சௌரா நிகழ்ச்சியைக் காரணம் காட்டி, ஒத்துழையாமை இயக்கத்தைக் காந்தி நிறுத்தினார். பாடசாலைகளை விட்டு வெளியேறியிருந்த பல்லாயிரம் இளைஞர்கள் திசையற்று நின்றனர். அத்தலைமுறையின் ஒரு பகுதி இரகசிய இயக்கங்களை நோக்கித் திரும்பியதன் சமூக அடிப்படை இதுவேயாகும். தனிமனித வீரச்செயல்களில் ஈடுபடும் அரசியல், வெகுசன இயக்கத்தின் வெற்றிடத்திற் பிறக்கின்றது என்ற உண்மையை இங்கு காணலாம். 1924இல் உருவான இந்துஸ்தான் குடியரசுச் சங்கம், 1925 ஓகஸ்டில் நடைபெற்ற ககோரி இரயிற் கொள்ளை, அதன் விளைவாக 1927 டிசெம்பரில் நால்வர் தூக்கிலிடப்பட்டமை ஆகியன இக்காலத்து நிகழ்ச்சிகள்.

இங்கேதான் வீரகதை காணத் தவறும் திருப்பம் நிகழ்கின்றது. தலைவர்கள் சிறையிலும் தூக்குமேடையிலும் மறைந்தபின், இயக்கத்தின் பொறுப்பு இருபது வயதும் நிரம்பாத இளைஞர்களின் தோளில் விழுந்தது. அந்த வேளையில் தமது மனத்தில் ஓங்கியொலித்த கட்டளை, படி என்பதே எனப் பகத்சிங் பின்னர் எழுதுகின்றார். எதிரிகளின் வாதங்களுக்கு விடையிறுக்கவும், தமது கொள்கையை நியாயப்படுத்தவும் படிக்க வேண்டுமென உணர்ந்ததாக அவர் கூறுகின்றார். லாகூரின் துவாரகாதாஸ் நூலகம் அவரது வாழ்விற் பெறும் இடம், எந்த ஆயுதக் கிடங்கும் பெறாததாகும்.

அப்படிப்பின் விளைவுகள் தெளிவானவை. 1926இல் லாகூரில் நவஜவான் பாரத் சபா அமைக்கப்பட்டது. அமிர்தசரசிலிருந்து வெளிவந்த கிர்த்தி சஞ்சிகையில், 1928இல் மட்டும், மதக் கலவரங்களின் பொருளாதார அடிப்படை, தீண்டாமை, மாணவரும் அரசியலும் ஆகிய பொருள்கள் பற்றி அவர் எழுதினார். தீண்டாமை பற்றிய கட்டுரையில், ஒடுக்கப்பட்டோர் பிறரது கருணையை எதிர்பாராது தாமே அணிதிரள வேண்டுமென வற்புறுத்தியமை மனங்கொள்ளத்தக்கது. அதே ஆண்டு செப்டெம்பர் 8, 9ஆம் திகதிகளில் டில்லியின் பெரோஸ் ஷா கொட்லா இடிபாடுகளிடையே கூடிய இளைஞர்கள், தமது சங்கத்தின் பெயரில் ‘சோஷலிச’ என்ற சொல்லைச் சேர்த்தனர்.

ஆயின், பெயர் மாறிய வேகத்தில் நடைமுறை மாறவில்லை. 1928 ஒக்டோபர் 30 அன்று லாகூரில் சைமன் ஆணைக்குழுவுக்கு எதிரான ஊர்வலத்திற் பொலிசாரால் தாக்கப்பட்ட லஜபதிராய், நவம்பர் 17 அன்று இறந்தார். அதற்கு விடையாக டிசெம்பர் 17 அன்று பொலிஸ் அதிகாரி ஸ்கொட்டைச் சுடச் சென்றவர்கள், அவரென எண்ணிச் சோண்டர்ஸைச் சுட்டனர். துரத்திவந்த சனன்சிங் என்ற இந்தியக் காவலரும் கொல்லப்பட்டார். சோஷலிசத்தைப் பெயரிலே சேர்த்து மூன்று மாதங்கள் கடந்த நிலையில், ஒரு தேசியத் தலைவரின் மரணத்திற்குப் பழிவாங்கும் பழைய முறைக்கே அவ்வியக்கம் திரும்பியது. கருத்து முன்னே செல்ல, செயல் பின்தங்கி நின்ற இம்முரண்பாட்டை மறைப்பது பகத்சிங்குக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரே இதனை மறைக்கவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

3

1929 ஏப்ரல் 8 அன்று, தொழிற் பிணக்குச் சட்டமும் பொதுப் பாதுகாப்புச் சட்டமும் பற்றிய விவாதச் சூழலில், பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் சட்டசபையின் காலியான இடத்தை நோக்கிக் குண்டுகளை வீசித் துண்டுப்பிரசுரங்களை இறைத்தனர். தப்பியோட அவர்கள் முயலவில்லை. இதனை ஒரு வன்முறைச் செயல் எனக் கொள்வதிலும், ஒரு வெளியீட்டு விழா எனக் கொள்வது உண்மைக்கு அண்மையதாகும். குண்டு, துண்டுப்பிரசுரத்தைப் படிக்கச் செய்யும் கருவியாயிற்று. கைது, நீதிமன்றை மேடையாக்கும் வழியாயிற்று.

இதன் இலக்கிய விளைவு போதிய கவனம் பெறவில்லை. பகத்சிங்கின் எழுத்துக்களிற் பெரும்பாலானவை துண்டுப்பிரசுரம், நீதிமன்ற வாக்குமூலம், சிறையதிகாரிக்கு எழுதிய மனு, கடிதம் ஆகிய வடிவங்களில் அமைந்தவை. இவை எழுத்தாளன் ஓய்விலிருந்து தெரிவு செய்யும் வடிவங்கள் அல்ல. ஆட்சியாளர் விட்டுவைத்த இடைவெளிகள். பேசத் தடை விதிக்கப்பட்டவன் பேசுவதற்கு, குற்றவாளிக் கூண்டே எஞ்சியிருந்தது. 1929 யூன் 6 அன்று, அவர்களின் வழக்கறிஞரான அசாப் அலி நீதிமன்றில் வாசித்த வாக்குமூலம் இதற்குத் தக்க சான்று. குற்றச்சாட்டுக்கு விடை கூறும் சட்ட ஆவணமாகத் தொடங்கும் அது, படிப்படியாக ஒரு சமூக ஆய்வாக விரிகின்றது. உலகுக்கு உணவளிக்கும் விவசாயி பட்டினி கிடப்பதையும், துணி நெய்பவன் தன் பிள்ளைகளுக்கு உடையின்றித் தவிப்பதையும் சுட்டி, புரட்சி என்பது குண்டு, துப்பாக்கி வழிபாடு அன்று. அநீதியின்மீது எழுந்த அமைப்பை மாற்றுவதே எனப் பொருள் வரையறை செய்கின்றது. குற்றம் சாட்டப்பட்டவர், குற்றம் சாட்டுபவராக மாறும் இம்மாற்றமே அவ்வுரைநடையின் வலு. வாக்குமூலம் இருவர் பெயரிலமைந்தது; ‘நான்’ அங்கு இல்லை, ‘நாம்’ உண்டு. இயக்கத்தின் குரலைத் தனியொருவரின் மேதைமையாகச் சுருக்கும் வாழ்க்கை வரலாறுகள் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1929 யூன் நடுப்பகுதியில் தொடங்கிய உண்ணாவிரதத்தையும் இந்நோக்கிற் காணலாம். நல்ல உணவு, கட்டாய வேலையினின்று விடுதலை என்பவற்றோடு நூல்களும் பத்திரிகைகளும் அவர்களது கோரிக்கைகளுள் அடங்கின. அப்போராட்டத்தில் ஜதீந்திரநாத் தாஸ், 63 நாள் உண்ணாவிரதத்தின் பின் செப்டெம்பர் 13 அன்று உயிர் நீத்தார். அதற்கு முதல்நாள், செப்டெம்பர் 12 அன்று, சிறையிற் பகத்சிங்குக்கு ஒரு குறிப்பேடு வழங்கப்பட்டது. மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ரூசோ, தோமஸ் பெயின், விக்டர் ஹியூகோ, டொஸ்தொயெவ்ஸ்கி, ஜாக் லண்டன், அப்டன் சிங்கிளெயர், தாகூர், காலிப், உமர் கயாம் எனப் பலரிடமிருந்து அவர் எடுத்தெழுதிய பகுதிகளால் அது நிரம்பியுள்ளது. நூலாக அது அச்சேறியது 1994இலேயாகும். படம் அச்சேறியது 1929இல். குறிப்பேடு அச்சேறியது 1994இல். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட தூரமே எமது பிரச்சினையின் அளவுகோல்.

4

1930 ஒக்டோபர் 7 அன்று, வைசிராய் இர்வினின் அவசரச் சட்டத்தால் அமைந்த விசேட நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதற்கு முந்திய சில நாள்களில் பகத்சிங் எழுதியவை இரண்டு, ஒருசேர நோக்கத்தக்கவை.

முதலாவது, ஒக்டோபர் 4 அன்று தந்தையாருக்கு எழுதிய கடிதம். மகனைக் காக்கும் ஆவலில், சோண்டர்ஸ் கொலையன்று அவன் லாகூரில் இருக்கவில்லை எனத் தந்தையார் நீதிமன்றுக்கு மனுச் செய்திருந்தார். மகன் அதனைக் கடுமையாகக் கண்டிக்கின்றான். வேறொருவர் இதனைச் செய்திருந்தால் துரோகமென்றே கூறியிருப்பேன்; நீங்கள் செய்தமையால் மிக மோசமான பலவீனம் என்கிறேன் என்பது அதன் சாரம். தந்தை மீதான மரியாதையும் அரசியற் கடமையும் மோதும் இவ்விடத்தில், வாக்கியங்கள் தடுமாறுவதையும், மன்னிப்புக் கோரியபடியே வன்மை குன்றாதிருப்பதையும் காணலாம். கல்லாகிவிட்ட வீரன் இவ்வாறு எழுதமாட்டான்.

இரண்டாவது, ‘நான் ஏன் நாத்திகன்’ என்ற கட்டுரை. அவர் இறந்தபின், 1931 செப்டெம்பர் 27 அன்று லாகூரின் ‘பீப்பிள்’ வார இதழில் அது வெளிவந்தது. தற்சரிதை இலக்கியம் என்ற வகையில் இதன் கட்டமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தன் வீரத்தைக் கூறுவதற்கு எல்லா நியாயமும் கொண்ட ஒருவர், தம்மீது சுமத்தப்பட்ட ஒரு குறையைக் கூறித் தொடங்குகின்றார். கடவுளை மறுப்பது அவரது அகந்தையின் விளைவு என நண்பர்கள் கூறினராம். அக்குற்றச்சாட்டைச் சினந்து தள்ளாது, தம்மிடம் அகந்தை சிறிதளவு இருக்கலாமென ஒப்புக்கொண்டே ஆராய்கின்றார். அகந்தைதான் காரணமாயின், புகழ் பெற்றபின்னரே நாத்திகம் தோன்றியிருக்க வேண்டும். தமது நாத்திகமோ புகழுக்கு முந்தியது என்பது வாதம். இதனை நிறுவுவதற்காகவே அவர் தம் வாழ்வைச் சொல்கின்றார். பாட்டனாரின் ஆரிய சமாஜச் சூழல், பாடசாலை விடுதியில் மணிக்கணக்காக மந்திரம் ஓதிய சிறுபிராயம், பக்தி மிக்க புரட்சிகரத் தலைவர்கள், பின்னர் படிப்பு, 1926 இறுதியளவில் ஏற்பட்ட தெளிவு, 1927இற் கைதானபோது பிரார்த்தனை செய்யுமாறு பொலிசார் தூண்டியமை என அது செல்கின்றது. ஆக, தன்வரலாறு இங்கு தற்புகழ்ச்சிக்காக வரவில்லை; ஒரு வாதத்திற்குச் சான்றாக வருகின்றது. சான்று முடிந்ததும் ‘நான்’ பின்வாங்கி விடுகின்றது. துன்பம் நிறைந்த உலகை ஏன் படைத்தாய் என்ற வினா முன்னே வருகின்றது.

அவ்வினாப் பகுதியில் இரண்டு சிந்தனைப் படிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்பது எமது கருத்து. மேற்படிவம், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிவொளிக்காலப் பகுத்தறிவு. எல்லாம் வல்ல கடவுள் ஏன் தீமையைத் தடுக்கவில்லை, கர்மக் கோட்பாடு சலுகை பெற்றோர் தம் செல்வத்தை நியாயப்படுத்தப் புனைந்ததன்றோ என்ற கேள்விகள் அதற்குரியன. மதம் ஒரு சிலரின் மோசடி என்ற விளக்கம் இவ்வகைச் சிந்தனையின் எல்லையுமாகும். மோசடி மட்டுமேயாயின், அது ஏன் ஏமாற்றப்பட்டவரின் இதயத்தில் இத்துணை ஆழமாக வேரூன்ற வேண்டும்? இதற்கு விடை காணும் முயற்சி கட்டுரையின் பிற்பகுதியில், கடவுட் கருத்தின் தோற்றத்தை விளக்குமிடத்தில் உள்ளது. மனிதன் தன் இயலாமையை உணர்ந்தபோது, துயரிலே தாயாக, தந்தையாக, நண்பனாக உதவும் ஒருவனைக் கற்பனை செய்தான். அக்கற்பனை அவனுக்குப் பயன்பட்டது என்கிறார் அவர். இங்கே மதம் பொய்யாக மட்டுமன்றி, உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும் காணப்படுகின்றது. இவ்விடத்திலேயே அவர் மார்க்ஸை நெருங்குகின்றார். இரண்டு படிவங்களும் முற்றாக இணைவதற்கு முன்னரே காலம் முடிந்து விட்டது. ஆயினும், வளர்ச்சியுற்று வரும் மனம் ஒன்றின் தடயம் என்ற வகையில், முற்றுப்பெற்ற கோட்பாட்டு நூலொன்றிலும் இக்கட்டுரை எமக்குப் பெறுமதி மிக்கது.

கட்டுரையின் உணர்ச்சி மையம் வேறிடத்தில் உள்ளது. நம்பிக்கையாளனுக்கு மறுபிறப்போ சுவர்க்கமோ உண்டு. தமக்கோ கழுத்திற் கயிறு இறுகும் அக்கணமே இறுதிக் கணம் என அவர் எழுதும் பகுதி அது. கைம்மாறு எதுவுமின்றி ஒரு வாழ்வைக் கொடுப்பதற்குரிய அறம் எதன்மீது நிற்கும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் உண்மையான வினா. மக்களின் விடுதலை என்ற ஒன்றே போதும் என்பது அவரது விடை. தியாகியைத் தெய்வமாக்கும் வீரவணக்கம், அவர் மறுத்த அந்தக் கைம்மாற்றையே அவருக்குத் திருப்பித் திணிக்கின்றது. இதனைவிடக் கூர்மையான முரண் வேறொன்றிருக்க முடியாது.

5

இக்கட்டுரை தமிழுக்கு வந்த வரலாறு தனியாக ஆராயத்தக்கது. பகத்சிங் தூக்கிலிடப்பட்ட ஆறாம் நாள், 1931 மார்ச் 29 அன்று, குடி அரசு இதழிற் பெரியார் ஈ. வெ. ராமசாமி எழுதிய தலையங்கம், தமிழில் அந்நிகழ்ச்சிக்கு எழுந்த குறிப்பிடத்தக்க எதிர்வினையாகும். வழிமுறையிற் பகத்சிங் சற்றுத் தவறினார் எனக் கூறத் துணிந்தாலும், அவரது கொள்கை குற்றமுடையதெனக் கூற ஒருபோதும் துணியோம் என்ற நிலைப்பாட்டை அது மேற்கொண்டது. முறையையும் கொள்கையையும் பிரித்து மதிப்பிட்ட இந்நோக்கு, கண்ணீரும் கண்டனமும் மட்டுமே பெருகிய அன்றைய சூழலில் விமர்சன நோக்கே எனலாம்.

பின்னர் ப. ஜீவானந்தம் அக்கட்டுரையைத் தமிழாக்க, சுயமரியாதை இயக்கம் அதனை வெளியிட்டது. அரசாங்கம் இராசத்துரோகக் குற்றஞ்சாட்டி, ஜீவாவையும் வெளியீட்டாளர் ஈ. வெ. கிருஷ்ணசாமியையும் கைது செய்தது. இயக்கத் தலைமையின் முடிவின்படி மன்னிப்புக் கோரி அவர்கள் விடுபட்டனர். அதனால் எழுந்த மனக்கசப்பு, ஜீவா சுயமரியாதை இயக்கத்தினின்று விலகிப் பொதுவுடைமைப் பாதையிற் செல்வதற்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. தந்தையின் மனுவையே ஏற்க மறுத்தவரின் நூலை வெளியிட்டோர் மன்னிப்புக் கோர நேர்ந்தமை வெறும் தனிமனிதப் பலவீனமன்று. 1932இல் ஈரோட்டில் சமதர்மத் திட்டத்தை ஏற்ற இயக்கம், 1934இற் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்ட பின்னர், சமூக சீர்திருத்தத்தைக் காப்பதற்காகச் சமதர்மப் பிரசாரத்தைப் பின்தள்ளிய காலகட்டத்தின் வெளிப்பாடு அது.

அக்காலகட்டம் வாசிப்பையும் நிர்ணயித்தது. தமிழிற் பகத்சிங் முதன்மையாக நாத்திகராக அறிமுகமானார். நாம் மேலே சுட்டிய இரு படிவங்களுள் மேற்படிவமே, அதாவது பகுத்தறிவு வாதமே, தமிழ் வாசகரைச் சென்றடைந்தது. அது அக்காலத்துச் சாதி எதிர்ப்புப் போராட்டத்திற்குப் பெரிதும் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், வர்க்கம், கட்சி, விவசாயி ஆகியவை பற்றிய அவரது சிந்தனைகள் அதே பரவலைப் பெறவில்லை.

பஞ்சாபிலே வேறொரு வகை உள்வாங்கல் நிகழ்ந்தது. மணமகன் குதிரையேறும்போது பெண்கள் பாடும் ‘கோடி’ என்னும் பாடல் வடிவத்தில், பகத்சிங் தூக்குமேடையை நோக்கிச் செல்லும் மணமகனாகப் பாடப்பட்டார், மரணம் மணமகளாயிற்று. வீட்டார் ஏற்பாடு செய்த திருமணத்தை மறுத்து வீட்டை விட்டு வெளியேறிய ஒருவருக்கு மக்கள் செய்துவைத்த திருமணம் இது. இத்தகைய நாட்டார் வெளிப்பாட்டை, அரசுகளும் வணிகத் திரைப்படங்களும் கட்டும் வீரவணக்கத்தோடு ஒன்றாக எண்ணல் தவறு. முன்னையது, மக்கள் தம்மிடமிருந்த ஒரே மொழியில் ஓர் இழப்பைத் தம்முடையதாக்கிய செயல். பின்னையது, இழப்பின் காரணத்தை மறக்கச் செய்யும் செயல்.

6

1931 பெப்ரவரி 2 அன்று, இளம் அரசியல் ஊழியர்களுக்கென அவர் சிறையில் வரைந்த நீண்ட ஆவணம், வீரகதைக்கு மிகவும் இடையூறானது. புரட்சிகர வாழ்வின் தொடக்கத்திலன்றித் தாம் ஒருபோதும் பயங்கரவாதியாக இருந்ததில்லை என்றும், அம்முறைகளால் எதையும் அடைய முடியாதென உறுதியாக நம்புவதாகவும் அதில் எழுதுகின்றார். உண்மையான புரட்சிப் படைகள் கிராமங்களிலும் தொழிற்சாலைகளிலும் உள்ளன. காங்கிரஸ் தலைமை நடுத்தர வர்க்கத்தையே நம்பி நிற்கின்றது. லெனின் கூறியவாறு முழுநேர ஊழியரைக் கொண்ட கட்சி வேண்டும் என வாதிடுகின்றார். காந்தி-இர்வின் உடன்படிக்கை 1931 மார்ச் 5 அன்று கைச்சாத்திடப்படுவதற்கு முன்னரே, சமரசம் என்பது தன்னளவிற் குற்றமன்று, போராட்டத்தில் அது ஓர் ஆயுதமாகவும் அமையலாம் என நிதானமாக ஆராய்கின்றார். தூக்குமேடைக்கு ஏழு வாரங்கள் முன்னர், சமரசத்தைப் பற்றி உணர்ச்சிவசப்படாது எழுத ஓர் இளைஞனால் முடிந்தது என்பது, அவர் சிரித்தபடி இறந்தார் என்பதிலும் பெரிய செய்தி.

இதனைக் கொண்டு அவரை அகிம்சைவாதியாக்குவதும் திரிபாகும். ஆயுதப் பிரிவைக் கட்சியின் துணையுறுப்பாக அவர் ஏற்கவே செய்தார். மார்ச்சில் ஆளுநருக்கு எழுதியபோது, தம்மைப் போர்க்கைதிகளாகக் கருதித் துப்பாக்கியாற் சுடுமாறு மூவரும் கோரினர். அவர் மறுத்தது, மக்களினின்றும் பிரிந்த ஆயுதத்தை. வரலாற்றாசிரியர் பிபன் சந்திராவும் பிறரும் இந்த இளைஞர்களைக் குறிக்கப் பயன்படுத்திய ‘புரட்சிகரப் பயங்கரவாதம்’ என்ற தொடர், 2016இல் இந்திய நாடாளுமன்றத்திலே சர்ச்சைக்குள்ளாயிற்று. சொல்லை நீக்குமாறு கோரியோர், பகத்சிங் தம்மைப் பற்றி எழுதிய சுயவிமர்சனத்தையும் அதனோடு நீக்க நேரும் என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவரது குறைபாடுகளும் இங்கு கூறப்பட வேண்டியவை. தொழிலாளர், விவசாயிகளிடையே நீண்டகால அமைப்பு வேலை செய்யும் வாய்ப்பை, அவர் தெரிந்தெடுத்த வழியே அவரிடமிருந்து பறித்தது. சிறை அவருக்குச் சிந்திக்கும் காலத்தைத் தந்தது. செயற்படும் களத்தை மறுத்தது. எனவே அவரது மார்க்ஸியம் பெரும்பாலும் நூல்களின்வழி வந்த மார்க்ஸியமாகவே நின்றது. கோட்பாடும் நடைமுறையும் இணையும் வேளை வந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று; மீதமிருந்தவை சில வாரங்கள். இதனை அவரது தனிப்பட்ட தோல்வியாக அன்றி, ஒரு தலைமுறைக்கு வரலாறு விதித்த எல்லையாகக் கொள்ளல் வேண்டும்.

பகத்சிங் பிறந்த ஊர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. அவரது உடல் எரிக்கப்பட்ட சட்லஜ் நதிக்கரையின் ஹுசைனிவாலா, 1961இல் எல்லைக் கிராமங்களைக் கொடுத்து இந்தியா பெற்ற நிலம். சாம்பலுக்காக நிலம் மாற்றிக்கொள்ள முடிந்தது. அவர் எதிர்த்த மதவாதத்தையும் சுரண்டலையும் மாற்ற எல்லையின் இருபுறமும் முடியவில்லை.

இறந்த இளைஞர்களின் படங்களைப் பல தசாப்தங்களாகச் சுவர்களிற் பார்த்துப் பழகிய எமது தீவின் வாசகர்க்கு இவ்வினா தொலைவில் உள்ளதன்று. படத்தின் முன் நிற்பவனுக்கு வணக்கமோ மௌனமோ மட்டுமே இயலும். எழுத்தின் முன் அமர்பவனுக்கு உடன்படவும் முரண்படவும் கேள்வி கேட்கவும் இயலும். தூக்குமேடைக்கு அழைக்கப்பட்ட வேளையிலும் பகத்சிங் லெனினைப் பற்றிய நூலொன்றை வாசித்துக் கொண்டிருந்தார் என்பர். அச்செய்தியின் நம்பகத்தன்மை எவ்வாறாயினும், அதிலே பொருத்தமொன்றுண்டு. இளைஞர்களுக்கு அவர் விட்டுச் சென்றது துப்பாக்கியன்று, தொப்பியுமன்று. பாதி வாசித்த ஒரு நூல். அதனைத் தொடர்ந்து வாசிப்பதும், அவரோடு வாதிட்டுக் கொண்டே வாசிப்பதும், அவருக்குச் செய்யும் உண்மையான அஞ்சலியாகும்.